மூக்கில் ரத்தம்: குளிராலா, ஹீட்டராலா?

கேள்வி: கனடாவின் வின்னிபெக்கில் வசிக்கிறோம். இந்த வார இறுதியில் மைனஸ் 30 டிகிரி, காற்றோடு சேர்த்தால் மைனஸ் 40 என்று எச்சரிக்கை வந்திருப்பதால் இரண்டு நாளும் வீட்டிலேயே இருக்கப்போகிறோம். மதுரையிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவுக்கு 68 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறார். வீட்டுக்குள் 22 டிகிரி வைத்தும் அவருக்குக் கால் அரிப்பு, வறட்டு இருமல். நேற்று மூக்கில் ரத்தமும் வந்தது. கரி மூட்டி சாம்பிராணி போட்டால் சரியாகிவிடும் என்கிறார். என் கணவருக்கு 52 வயது, சர்க்கரை உண்டு. சனிக்கிழமை காலை வாசல் பனியை அள்ளப்போவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அம்மா பயப்பட வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், அவரைப் படுத்துவது பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் வறட்சிதான். மைனஸ் 30 டிகிரிக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு அரை கிராம் ஈரம்கூட இருக்காது. அதே காற்றை 22 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 19 கிராம் ஈரம் கொள்ளும். அவ்வளவு தாகத்தோடு இருக்கும் காற்று, கிடைத்த இடத்திலெல்லாம் ஈரத்தை உறிஞ்சும். மூக்கின் உள்தோல், தொண்டை, கெண்டைக்கால் எல்லாம் அதற்கு ஒன்றுதான். கம்பளியைக் கழற்றும்போது படபடவென்று பொறி பறக்கிறதா? கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கிறதா? இரண்டுக்கும் காரணம் இதே வறட்சிதான்.

ஆகவே ஹீட்டரைக் கூட்டாதீர்கள், ஈரத்தைக் கூட்டுங்கள். ஈரப்பதமூட்டி இருந்தால் தண்ணீரைத் தினமும் மாற்றிக் கழுவி வையுங்கள். இல்லையென்றால் துவைத்த துணியை ட்ரையரில் போடாமல் உள்ளேயே கொடி கட்டி உலர்த்தலாம். இட்லிப் பானையின் ஆவியும் வீணாகாது. ஈரப்பதம் 30 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியத் தொடங்கினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம், நிறுத்திவிடுங்கள். பூஞ்சை பிடித்தால் இருமல் இன்னும் மோசமாகும்.

மூக்கில் மறுபடி ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்க வேண்டாம். நம் வீடுகளில் வழக்கமாக அதைத்தான் செய்வோம், ரத்தம் தொண்டைக்குள் இறங்கிவிடும். உட்கார்ந்து சற்று முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான கீழ்ப்பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் பிடித்திருக்க வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. அரை மணி ஆகியும் நிற்காவிட்டால், அல்லது ரத்தம் உறையாமலிருக்க அவர் மாத்திரை எடுப்பவர் என்றால், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி பிபி ஏறும், எனவே இந்த இரண்டு நாளும் காலை, மாலை அளந்து எழுதி வையுங்கள். இருமலுக்கென்று கடையில் கிடைக்கும் மருந்து எதையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். மூக்கடைப்பு மருந்து கலந்த சில சிரப்கள் பிபியை ஏற்றிவிடும். மூக்குக்கு உப்புநீர் ஸ்பிரே போதும்.

கால் அரிப்பு அந்த வறட்சியோடு வெந்நீர்க் குளியலும் சேர்ந்தால் இன்னும் கூடும். வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடத்தில் முடித்து, தோல் ஈரமாக இருக்கும்போதே வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவச் சொல்லுங்கள். பயத்தமாவு, சீயக்காய் எல்லாம் ஊருக்குத் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கரி விஷயத்துக்கு வருகிறேன். இதில் அம்மாவிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுங்கள். மதுரை வீட்டில் ஜன்னல், நிலைப்படி, ஓடு என்று காற்று வந்துபோக நூறு வழி உண்டு. உங்கள் வீடோ குளிருக்காக இறுக அடைக்கப்பட்டது. கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். 2021 பிப்ரவரியில் டெக்சஸ் உறைந்து மின்சாரம் போனபோது, வீட்டுக்குள் கரி மூட்டியும் கராஜில் காரை ஓடவிட்டும் சூடு தேடியவர்கள் இந்த வாயுவுக்கு இரையானார்கள். சமையலறை ஓவனைத் திறந்துவைத்து வீட்டைச் சூடேற்றுவதும் கூடாது. வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்து, வெளியே போனால் குறைந்தால் அது காய்ச்சல் இல்லை. எல்லாரும் உடனே வெளியே வந்து 911 அழையுங்கள். வீட்டிலுள்ள கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை இன்றே அழுத்தி ஒலிக்கிறதா என்று பாருங்கள். சாம்பிராணி மணம் வேண்டுமென்று அம்மா ஏங்கினால், அந்த இருமலோடு இப்போது வேண்டாம்.

உங்கள் கணவர் பனி அள்ளுவதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். மூச்சை அடக்கி, கைகளால் மட்டும் பாரம் தூக்கும் வேலை அது. குளிரில் சுருங்கிய இதயக்குழாய்க்கு அதைவிடச் சோதனை வேறில்லை. மாரடைப்பு வருவதற்கு ஏற்ற நேரமும் காலைதான். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத்திணறல், வியர்வை, திடீர்ச் சோர்வு என்று மட்டும்கூட வரலாம். வின்னிபெக் பனி மார்ச் வரைக்கும் எங்கும் ஓடிப்போகாது. பக்கத்து வீட்டுப் பையனிடம் நாலு டாலர் கொடுங்கள். ஒன்று மட்டும் அவசியம்: வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸின் புகைக்குழாய் வீட்டின் பக்கச்சுவரில் இருந்தால் அதன் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்து விலக்க வேண்டும். குல்லா, கையுறையோடு போய் இரண்டு நிமிடத்தில் திரும்பிவிடச் சொல்லுங்கள்.

அவர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. கொப்பளம் வந்தது காலையில்தான் தெரியும். காலுக்குக் கம்பளிச் சாக்ஸ் போதும், இரவில் கழற்றும்போது விரலிடுக்கை விளக்கில் பார்க்கட்டும்.

மற்றபடி போர்வை, படம், பஜ்ஜி எதற்கும் தடையில்லை. அப்பளமும் ஊறுகாயும் மட்டும் அம்மாவின் தட்டில் குறையட்டும். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் சிறுநீர் அடிக்கடி போகும். பக்கத்திலேயே ஒரு ஃபிளாஸ்கில் சீரக வெந்நீர் வைத்துவிடுங்கள்.