வாசகர் கேள்வி – பதில்: வீதிப் பலகையும் மூன்று மொழிகளும்

கேள்வி: இருபது வருடமாக மரக்கறி லொறி ஓட்டுகிறேன். சிங்களம் நன்றாகப் பேசுவேன்; வாசிக்க வராது. தம்புள்ளைக்குப் போகிற வழியில் ஒவ்வொரு பலகையையும் எழுத்துக்கூட்டி வாசிக்க முடியாமல் வண்டி ஓட்டுவது குற்றமாகுமா?
– சாரதி ஒருவர், கந்தப்பளை

பதில்: குற்றமாகாது. எந்த மொழியையும் வாசிக்கத் தெரியாதவரும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே வீதிக் குறியீடுகள் இப்போதைய வடிவத்தில் அமைக்கப்பட்டன. பக்கத்து நாட்டுச் சாரதிக்கு நம் எழுத்து தெரியாது, நமக்கு அவருடைய எழுத்து தெரியாது என்ற நிலைமையை மனதில் வைத்து, 1968 ஆம் ஆண்டு வியன்னாவில் உருவான வீதிக் குறியீட்டு உடன்படிக்கை, சொல்லவேண்டியதை முதலில் வடிவத்திடமும் நிறத்திடமும் ஒப்படைத்தது. சிவப்பு விளிம்பிட்ட வட்டம் என்றால் தடை. நீல வட்டம் என்றால் இப்படித்தான் செய்யவேண்டும் என்ற கட்டளை. எச்சரிக்கைப் பலகைக்கு மட்டும் முக்கோணம், சாய்சதுரம் ஆகிய இரண்டில் ஒன்றை நாடுகள் தெரிவுசெய்துகொள்ளலாம் என்று அந்த உடன்படிக்கை விட்டுவைத்தது. நம் வீதிகளில் மஞ்சள் சாய்சதுரத்தில் கறுப்புப் படம் இருப்பதும், தமிழ்நாட்டுக்குச் சொந்தங்களைப் பார்க்கப் போய்வந்தவர்கள் அங்கே சிவப்பு விளிம்பு முக்கோணத்தைக் கண்டதும் இதனால்தான். வளைவு ஒன்றுதான், சட்டகம் வேறு.

‘நிறுத்து’ பலகைக்கு எட்டு மூலைகளும், ‘வழி விடு’ பலகைக்குத் தலைகீழ் முக்கோணமும் கொடுக்கப்பட்டதற்கு இன்னொரு பயனும் உண்டு. வேறெந்தப் பலகைக்கும் அந்த வடிவங்கள் இல்லாததால், முகப்பில் சேறு அப்பிக் கிடந்தாலும், பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும் இன்ன பலகை என்று சொல்லிவிடலாம். மழைக்காலத்தில் மலைப் பாதையில் லொறி ஓட்டும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எழுத்தை நம்புவதில் உள்ள சிக்கலைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஓர் அங்குல உயரமுள்ள எழுத்தை ஏறத்தாழ 30 அடி தூரத்திலிருந்து வாசிக்கலாம் என்பது அமெரிக்க வீதிக் குறியீட்டுக் கையேடு கொள்ளும் அளவு. அப்படியானால் 10 சென்ரிமீற்றர் எழுத்து சுமார் 36 மீற்றரில்தான் கண்ணுக்குப் பிடிபடும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் அந்தத் தூரத்தை இரண்டரை விநாடிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் கடந்துவிடுவார். இது ஆங்கில எழுத்துக்குப் போட்ட கணக்கு. ‘ணை’, ‘ழு’, ‘ஞ்சூ’ என்று சுழிகளும் கொம்புகளும் நெருங்கி நிற்கும் நம் எழுத்துக்கு நேரம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். மூன்று மொழிகளில் மூன்று வரிகள் என்றால், சாரதி தன் வரி எது என்று தேடுவதற்குள்ளேயே பலகை பின்னால் போய்விடும். ஆகவே படம் போதுமான இடத்தில் எழுத்து வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். எழுத்து தவிர்க்க முடியாத இடங்கள் வேறு. அவற்றைப் பற்றிக் கீழே வேறொருவர் கேட்டிருக்கிறார்.

கேள்வி: கண்டிக்குப் போனபோது கலர் லைட் பார்த்தேன். சிவப்பு ஏன் எப்போதும் மேலே இருக்கிறது?
– தரம் 8 மாணவி, கொட்டகலை

பதில்: நல்ல கேள்வி, மகளே. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியச் சிரமப்படுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பெண்களைவிட ஆண்களில் இவர்கள் அதிகம். மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ என்று இடம் நிலையாக இருப்பதால் அவர்களும் தவறில்லாமல் வண்டி ஓட்டலாம். இந்த நிறங்கள் வீதிக்கு வந்தது ரயில் பாதையிலிருந்து. 1868 இல் லண்டனில் நிறுவப்பட்ட முதலாவது வீதிச் சமிக்ஞை விளக்கு வாயுவில் எரிந்தது. அடுத்த மாதமே வெடித்து, அதை இயக்கிய பொலிஸ்காரரைக் காயப்படுத்தியது. இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: விளக்கு ஒன்றைக் காட்ட, சந்தியில் நிற்கும் பொலிஸ் உத்தியோகத்தரின் கை வேறொன்றைக் காட்டினால், கைக்குத்தான் கீழ்ப்படிய வேண்டும்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் வீதி திருத்த வேலை, மண்சரிவு, பாதை மூடல் என்று வைக்கப்படும் பலகைகள் பல சிங்களத்தில் மட்டும் இருக்கின்றன. தமிழ் அரச கரும மொழி என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். அவர்கள் பலகையைக் காட்டிக் கேட்கும்போது என்ன பதில் சொல்வது? முறைப்பாடு செய்ய வழி உண்டா?
– ஆசிரியை, பொகவந்தலாவை

பதில்: பிள்ளைகளுக்குச் சட்டத்தை அப்படியே சொல்லுங்கள். 1956 ஆம் ஆண்டின் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரச கரும மொழியாக்கியது. 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரையில் தமிழும் அரச கரும மொழி என்று சேர்க்கப்பட்டது. ஆங்கிலம் இணைப்பு மொழியாயிற்று. அடுத்த ஆண்டு 16 ஆவது திருத்தம் நிர்வாக மொழி பற்றிய 22 ஆம் உறுப்புரையை விரிவாக்கியது. வடக்கு, கிழக்குக்கு வெளியே நிர்வாகம் சிங்களத்தில் நடக்கும் என்றாலும், மொழிச் சிறுபான்மையினரின் விகிதத்தைக் கருத்திற்கொண்டு ஒரு பிரதேச செயலகப் பிரிவை இருமொழிப் பிரிவாகப் பிரகடனம் செய்ய ஜனாதிபதிக்கு அது இடமளிக்கிறது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரிவுகள் அவ்வாறு பிரகடனப்படுத்தப்பட்டவை. அதற்கும் அப்பால், சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள எந்த இடத்திலும் ஒருவர் அதிகாரியுடன் தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் அதே உறுப்புரை உரிமை தருகிறது. ஆகவே உங்கள் முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம், எழுதுங்கள்.

யாருக்கு எழுதுவது என்பதில்தான் பலருடைய கடிதங்கள் வழிதவறிப் போகின்றன. ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்குச் செல்லும் ஏ7 போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. ஊருக்குள் இருக்கும் சிறு வீதி என்றால் பிரதேச சபை அல்லது நகர சபை. தோட்டத்துக்குள் போகும் பாதை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. பலகையின் புகைப்படம், இடம், திகதி ஆகிய மூன்றும் கடிதத்துடன் இருக்கட்டும். பதில் வராவிட்டால், 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். மொழிச் சட்டம் மீறப்பட்டதாக வரும் முறைப்பாடுகளை விசாரிப்பது அதன் பணிகளில் ஒன்று.

தமிழ் இருந்தால் மட்டும் போதாது, அது தமிழாகவும் இருக்க வேண்டும். பஸ்ஸில் கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கிய ஆசனத்தின் மேல் ‘தா’ இருக்கவேண்டிய இடத்தில் ‘நா’ விழுந்த கதை நாடறிந்தது. பார்த்துச் சிரித்தவர்களில் பாதிப்பேர் அதே ஆசனத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். இந்த நோய் நமக்கு மட்டும் உரியதல்ல. வேல்ஸ் நாட்டில் ஆங்கிலமும் வேல்ஸ் மொழியும் சேர்ந்தே வீதிப் பலகைகளில் இடம்பெறும். 2008 இல் சுவான்சி நகர சபை, கனரக வாகனங்கள் நுழையக்கூடாது என்ற வாசகத்தை மொழிபெயர்க்க மின்னஞ்சலில் அனுப்பியது. உடனே வந்த பதிலைப் பலகையில் அச்சடித்து நட்டுவிட்டது. அந்த வேல்ஸ் வரிகளின் பொருள்: ‘நான் இப்போது அலுவலகத்தில் இல்லை, மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பி வையுங்கள்.’ மொழி தெரிந்த ஒருவர், நடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். மக்களில் பெரும்பகுதியினர் தமிழர்களாக உள்ள நம் நகரங்களில் அப்படி ஒருவரைத் தேடுவது சிரமமா என்ன?

நிரந்தரமாக நடப்படும் பலகைகளை நான் அவ்வளவு குறைசொல்ல மாட்டேன். பெரிய வீதிகளின் திசைகாட்டிப் பலகைகளில் மூன்று மொழிகளையும் பரவலாகக் காணலாம். நம் மலைப் பாதையின் ரயில் நிலையப் பெயர்ப்பலகைகள் நெடுங்காலமாகவே மும்மொழியில்தான் நிற்கின்றன. தமிழ் காணாமற்போவது நீங்கள் குறிப்பிட்ட அந்த அவசரப் பலகைகளில்தான். படத்தால் சொல்ல முடியாத செய்தி அங்கேதான் இருக்கிறது: எவ்வளவு தூரத்துக்கு மண் சரிந்திருக்கிறது, மாற்றுப் பாதை எது, கனரக வாகனம் போகலாமா, எத்தனை மணிக்குத் திறப்பார்கள். எழுத்து அதிகம் தேவைப்படும் இடத்தில் எழுத்து குறைகிறது.

கேள்வி: ஹட்டன், ஹற்றன், அட்டன் – எது சரி? ஒரே நகரத்தில் மூன்றையும் கடைப் பலகைகளில் காண்கிறேன்.
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், டிக்கோயா

பதில்: ஊர்ப்பெயரே ஸ்கொட்லாந்திலிருந்து வந்தது என்பதால் இலக்கணம் பார்த்துத் தீர்க்கக்கூடிய வழக்கல்ல இது. பெரியவர்களின் வாயில் ‘அட்டன்’. பத்திரிகைகளில் ‘ஹற்றன்’ என்றும் ‘ஹட்டன்’ என்றும் இரண்டும். பேச்சில் எதுவும் இருக்கலாம். வீதிப் பலகையில் மட்டும் ஒன்றைத் தெரிவுசெய்து எல்லா இடத்திலும் அதையே எழுதவேண்டும். என் தெரிவு ‘ஹட்டன்’. பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசுவோர் மோன்ஸ் என்னும் ஊரை டச்சு பேசுவோர் பெர்கன் என்பார்கள். எல்லை கடந்ததும் பலகையில் பெயர் மாறிவிடுவதால் வழிதவறும் பிரயாணிகள் ஏராளம். நம் தோட்டங்களின் நிலைமை அதைவிட ஒரு படி மேல். வாயிலில் துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர். லயத்தில் சனங்கள் சொல்வது வேறு பெயர். 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் கேட்கும்போது எந்தப் பெயரைச் சொல்வது என்று தடுமாறுபவர்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு பெயரையும் தோட்ட வாயிலில் எழுதிவைக்கப் பெரிய செலவில்லை.

கேள்வி: சிங்களத்தில் மட்டும் எழுதிய பலகையைத் தாண்டியதற்குத் தண்டப்பணச் சீட்டு எழுதிவிட்டார்கள். என்ன செய்யலாம்?
– முச்சக்கர வண்டிச் சாரதி, நோர்வூட்

பதில்: முதலில் அந்தப் பலகையில் படக் குறியீடு இருந்ததா என்று பாருங்கள். சிவப்பு வட்டம் இருந்திருந்தால், வாசிக்கத் தெரியவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது; தண்டப்பணத்தை 14 நாட்களுக்குள் தபாலகத்தில் கட்டிவிடுங்கள். வெறும் எழுத்து மட்டுமே இருந்திருந்தால், பலகையைப் படமெடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்; நீதவானிடம் சொல்ல உங்களுக்கு விடயம் இருக்கிறது.

ஒரு மழைக்காலத்து மாலை, இறம்பொடைக்கு அப்பால் பனிமூட்டத்துக்குள் வந்துகொண்டிருந்தேன். தார்ப் பீப்பாய் ஒன்றின் மேல் பலகை. சிங்களத்தில் நான்கு வரி. எனக்கு முன்னால் நின்ற வான் சாரதி கையடக்கத் தொலைபேசியின் வெளிச்சத்தை அதில் அடித்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார். வரிகளுக்குக் கீழே, பாதி மழையில் கரைந்துபோன வெள்ளைச் சோக்கட்டியில் யாரோ எழுதியிருந்தார்கள்: ‘ரோட்டு இல்ல. திரும்பு.’ இரண்டு பேரும் திரும்பினோம்.