நூற்றிருபது துண்டு மரம், ஒரு பூஜாடி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

போன மாதம் ஒரு குழந்தைகள் இல்லத்தின் நிதி ஏலத்துக்காகப் பூஜாடி ஒன்று கடைந்து கொடுத்தேன். ஒரே கட்டையில் கடைந்ததல்ல. தேக்கிலும் வெப்பாலையிலும் சின்னச் சின்னத் துண்டுகள் அறுத்து, பன்னிரண்டு பன்னிரண்டாக வளையம் ஒட்டி, பத்து வளையங்களை அடுக்கி, அப்புறம் லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், ஏற்றியது. உயரம் 20 செ.மீ., வயிறு 15 செ.மீ. படத்தைப் பார்த்தவர்கள் கேள்வியாகக் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

முழுக் கட்டை இருக்கும்போது எதற்கு இந்தத் துண்டு வேலை? (கரூர் வாசகர்)

நிறம் கலக்கிற அழகு ஒன்று. இன்னொன்று ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடுகிற வாட்டம். படுக்கை வாட்டத்தில் பிடித்த கட்டையைக் கடையும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடத்தில் உளி நாரின் முனையில் மோதும், அங்கே பிய்த்துக்கொண்டு வரும். துண்டு வளையத்தில் சுற்றிலும் ரேகை வளையத்தோடு ஓடுவதால் உளி வழுக்கிக்கொண்டு போகும். மூன்றாவது காரணம் செலவு. என் ஜாடியில் பாதி, கதவு நிலை அறுத்த கடையில் விறகுக்குப் போட்டிருந்த தேக்குச் சட்டம்.

துண்டை என்ன கோணத்தில் அறுப்பது? (கல்லூரி மாணவி, மதுரை)

180-ஐத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 12 துண்டுக்கு 15 டிகிரி, 16 என்றால் 11.25. வெளிப்பக்க நீளத்துக்கு, வளையத்தின் விட்டத்தை அந்தக் கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்க வேண்டும். 150 மி.மீ. வளையத்துக்கு 40 மி.மீ. சொச்சம் வரும். மரச் சட்டத்தைப் புரட்டிப் புரட்டி அறுத்தால் ஒரு வளையத்துக்கு அரை மீட்டர் போதும்.

கோணம் சரியாகத்தான் வைத்தேன், கடைசித் துண்டில் இடைவெளி விழுகிறது. என்ன தப்பு? (திருப்பூர் வாசகர்)

எல்லோரும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். ஒரு வளையத்தில் 24 வெட்டுமுகங்கள். ஒவ்வொன்றிலும் 0.1 டிகிரி பிசகினால் மொத்தம் 2.4 டிகிரி. 15 செ.மீ. வளையத்தின் வெளி விளிம்பில் அது ஏறக்குறைய 3 மி.மீ. இடைவெளி. ஃபெவிகாலும் மரத்தூளும் குழைத்து அடைத்தால் அப்போதைக்குத் தெரியாது, பாலிஷ் போட்டதும் பல்லிளிக்கும்.

ரம்பத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். வழி ஒன்று இருக்கிறது. பன்னிரண்டையும் ஒரேயடியாக ஒட்ட வேண்டாம். ஆறு ஆறாக இரண்டு அரை வட்டம் ஆக்குங்கள். ஒட்டும்போது இரண்டு பாதியும் எதிரெதிராக இருக்கட்டும், அவை சந்திக்கிற இரண்டு இடத்திலும் பசை தடவாமல் இடத்துக்கொரு தீக்குச்சியைச் செருகி, ஹோஸ் கிளிப்பால் (ரப்பர் குழாயை இறுக்குகிற உலோகப் பட்டை) இறுக்குங்கள். காய்ந்ததும் கிளிப்பைக் கழற்றினால் இரண்டு பாதியும் தனியாக வந்துவிடும். தட்டையான கண்ணாடி மேல் உப்புத்தாள் ஒட்டி, அரை வட்டத்தின் இரண்டு முனையையும் சேர்த்தாற்போல வைத்துத் தேயுங்கள். பிசகெல்லாம் அந்தத் தேய்ப்பில் போய்விடும். இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கோடாகக்கூட வெளிச்சம் வரக்கூடாது. அப்புறம்தான் பசை.

அடுக்கும்போது செங்கல் கட்டுகிற மாதிரி, கீழ் வளையத்தின் மூட்டு மேல் துண்டின் நடுவில் வரட்டும்.

கருப்பு நிறத்துக்கு ஈட்டி மரம் போடலாமா? (கோத்தகிரி வாசகி)

பழைய கட்டில் கால் கிடைத்தால் போடுங்கள். புதிதாக வாங்குவதானால் பில் இல்லாமல் தொடாதீர்கள். 2017 முதல் ஈட்டி இனம் முழுக்கப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் வந்துவிட்டது. நான் வாகையின் வைரத்தை, அதாவது நடுமரத்தை, பயன்படுத்துகிறேன், நல்ல காப்பி நிறம். வெள்ளைக்கு வெப்பாலை. கர்நாடகத்துச் சன்னபட்னா பொம்மைக்காரர்கள் காலங்காலமாகக் கடைவது அதைத்தான். மஞ்சளுக்கு மஞ்சக்கடம்பு. எது எடுத்தாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே. இதில் சமரசமே கிடையாது.

வெடிக்காமல் இருக்குமா? (பெயர் போடாதவர்)

என் முதல் ஜாடி வெடித்தது. அதுவும் தானமாகக் கொடுத்ததுதான். அகலமான மாம்பலகை வட்டத்தைத் தேக்கு வளையத்துக்குள் இறுக்கி ஒட்டி அடித்தட்டாக வைத்திருந்தேன். பங்குனி வெயிலில் கடைந்தது. ஐப்பசி மழை வந்ததும் பலகை குறுக்குவாட்டில் ஊதி வளையத்தின் மூட்டைப் பிளந்துவிட்டது. ஏலத்தில் எடுத்த அம்மா இல்லத்துக்கு போன் செய்து, "பணம் வேண்டாம்பா, ஆனா இதை என்ன பண்றது?" என்று கேட்டாராம். எனக்கு முகம் இல்லாமல் போயிற்று. புதிதாக ஒன்று கடைந்து வீட்டில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

மரம் நீளவாக்கில் அசையாது, குறுக்கே அசையும். எனவே அடித்தட்டு 6, 7 செ.மீ.க்கு மேல் போக வேண்டாம். பெரிதாகத்தான் வேண்டுமென்றால் வளையத்தின் உட்பக்கம் காடி (பள்ளம்) வெட்டி, பசை இல்லாமல் சும்மா உட்காரவையுங்கள்.

என்ன வேகத்தில் ஓட்டுவது? (சேலம் வாசகர்)

15 செ.மீ. ஜாடிக்கு நிமிடத்துக்கு 500, 600 சுற்றில் ஆரம்பியுங்கள். ஆட்டம் நின்று உருண்டையானதும் 1000, 1200 போகலாம். முகமூடிக் கவசம் கட்டாயம். ஒட்டு விட்டால் துண்டு நேராக நெற்றிக்குத்தான் வரும். மூக்குக்கும் மாஸ்க் வேண்டும், தேக்குத் தூசி லேசுப்பட்டதல்ல.

அரக்கு ஏற்றலாமா? (அம்பாசமுத்திரம் வாசகர்)

உங்கள் ஊர்க்காரர்கள் மரச் சொப்புச் சாமானுக்கு ஏற்றுகிற அழகே தனி. ஆனால் அது உரசல் சூட்டில் இளகிப் பிடிக்கிற வேலை, அதே சூட்டில் வெள்ளைப் பசையும் இளகும். பிரெஞ்ச் பாலிஷ் போதும்.

தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய் வைத்துக் கொடுங்கள், பூ அதில் நிற்கட்டும்.

தானத்துக்கு வருமான வரிச் சலுகை கிடைக்குமா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

பொருளாகக் கொடுத்தால் கிடையாது, பணத்துக்குத்தான். அதிலும் ரொக்கம் 2000 ரூபாய் வரைதான்.

பழகும்போது செய்ததை ஏலத்துக்குக் கொடுக்கலாமா? (ஈரோடு வாசகர்)

விலைக்கு விற்கத் துணிவீர்களா? துணிந்தால் கொடுங்கள். கோணலானதை இல்லத்தின் தலையில் கட்டாதீர்கள், அவர்களுக்கும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. ஜாடியே வேண்டும் என்றும் இல்லை. அமெரிக்காவில் கடைசல்காரர்கள் மூடி போட்ட பெட்டி கடைந்து, கடும் நோயோடு போராடும் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பாசிமணி வாங்குகிற குழந்தை அவற்றைச் சேர்த்துவைக்க அந்தப் பெட்டி. முதல் முயற்சிக்குப் பெட்டி சுலபம்: வளையமெல்லாம் ஒரே விட்டம், கணக்கு ஒரு தடவை போட்டால் போதும்.