பத்து நாள் மிஷன் ட்ரிப் போலாமா, வேணாமா?

அக்காவுக்கு ஸ்தோத்திரம்,

நான் பெங்களூர் லிங்கராஜபுரத்துல இருக்கேன், சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. எங்க சர்ச் வாலிபர் ஐக்கியத்துல இருந்து வர்ற மே மாசம் பன்னெண்டு பேர் ஜார்க்கண்ட் போறதா இருக்கோம். சாஹிப்கஞ்ச் பக்கம் ராஜ்மஹால் மலைல, மால்தோங்கிற பழங்குடி ஜனங்க நடுவுல திருநெல்வேலிக்காரர் ஒருத்தர் குடும்பமா தங்கி ஊழியம் பண்றார், அவரோட பணித்தளத்துக்குத்தான் போறோம், பத்து நாள், ஆளுக்கு 15,000 ரூபா ஆகுது. வி.பி.எஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) மாதிரி பிள்ளைங்களுக்கு பாட்டு, ஹிந்தில ஒரு ஸ்கிட், ஒரு நாள் மெடிக்கல் கேம்ப், அப்புறம் பழைய துணி கலெக்ட் பண்ணி கொண்டு போறோம்.

போன ஞாயிறு ஆராதனை முடிஞ்சு வெளில நின்னு பேசிட்டு இருந்தப்ப கமிட்டி அங்கிள் ஒருத்தர் "இது ஊழியம் இல்லப்பா, டூர். அந்த ஒரு லட்சத்து எண்பதாயிரத்த அப்படியே மிஷனரிக்கு அனுப்பிடுங்க, அவராவது நிம்மதியா இருப்பார்"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். அதுல இருந்து மனசு சரியில்ல. எனக்கு பாடவும் வராது, மேடைல பேசவும் வராது, ஹிந்தியும் அரைகுறை. நான் போய் அங்க என்ன கிழிக்கப்போறேன்? அப்பா வேற மலேரியா அது இதுன்னு பயப்படுறார். போலாமா வேணாமா, நேரா சொல்லுங்க. பேர் போட வேணாம்.

---

தம்பி,

போங்க. ஆனா பன்னெண்டு பேர் வேணாம், மே மாசம் வேணாம், அந்த ஹிந்தி ஸ்கிட் வேணவே வேணாம்.

மொதல்ல அங்கிள் கணக்க முடிச்சிடுவோம், ஏன்னா இது எல்லா சர்ச்லயும் எல்லா வருஷமும் யாராவது ஒருத்தர் சொல்ற கணக்கு. கேக்க சரியாத்தான் இருக்கும். ட்ரிப் கேன்சல்னு அறிவிச்சா அந்தப் பன்னெண்டு பேரும் ஆளுக்கு 15,000 எடுத்து காணிக்கைக் கவர்ல போடுவாங்களா? போட மாட்டாங்க, அந்தக் காசு கோவாவுக்கோ புது போனுக்கோ போயிடும், அங்கிளுக்கும் அது தெரியும். அதனால டிக்கெட் காசா, மிஷனரி காசான்னு நிறுத்துறதே பொய்க் கணக்கு. ஆனா ஒண்ணு பண்ணிப் பாருங்க, அதே 15,000-த்த பன்னெண்டு மாசத்துக்கு பிரிச்சா ஆளுக்கு மாசம் 1,250. போறவங்க, போகாதவங்க சேர்ந்து பன்னெண்டு பேரு மாசம் தவறாம குடுத்தா அந்த வீட்டுக்கு மாசம் 15,000 போகும். பணித்தளத்துல இருக்கிறவங்களுக்கு எப்பவோ ஒரு தடவை வர்ற பெரிய தொகைய விட அஞ்சாம் தேதி தவறாம வர்ற சின்னத் தொகைதான் பெருசு, அதை நம்பி கடைல பற்று வைக்கலாம், பிள்ளைங்க ஹாஸ்டல் ஃபீஸ் கட்டலாம். அங்கிள்கிட்ட போய் "சரி அங்கிள், நீங்களே மொத ஆளா சேர்ந்துக்கோங்க"ன்னு கேளுங்க. மரியாதையா கேளுங்க.

இப்ப நெஜமான கேள்விக்கு வர்றேன். பன்னெண்டு பேர் போய் இறங்குறீங்க, பையப்பனஹள்ளி டெர்மினல்ல ஏறி கிட்டத்தட்ட ரெண்டு நாள் ட்ரெயின், அப்புறம் ஜீப்பு, அப்புறம் நடை. அந்த மிஷனரி வீடு எப்படி இருக்கும்னு யோசிச்சீங்களா? ரெண்டு ரூம். தண்ணி அடிபம்புல இருந்து, பம்பு ரிப்பேர்னா ஊத்துல இருந்து. கரண்டு வந்தா வரும். அவரோட மனைவி, அந்த அக்கா, பன்னெண்டு பேருக்கு மூணு வேளை சமைக்கணும், அதுவும் நீங்க நம்ம ஊர்ல இருந்து வந்த பிள்ளைங்கன்னு வாரச் சந்தைக்கு ஆள் அனுப்பி கோழி வாங்கி, எங்கயோ ஒளிச்சு வச்சிருந்த சாம்பார் பொடிய எடுத்து இட்லி வரைக்கும் முயற்சி பண்ணுவாங்க, ஏன்னா அது நம்ம ஊர் பழக்கம், வந்தவங்களுக்கு குறை வைக்கக் கூடாது. உங்கள ஊர் ஊரா கூட்டிட்டு போறதுக்காக அந்த அண்ணன் தன்னோட வேலைய பத்து நாள் நிறுத்தி வச்சிருப்பார். கிளம்புறப்ப எல்லாரும் கட்டிப்பிடிச்சு ஜெபம் பண்ணி அழுதுட்டு வருவீங்க, அந்த அழுகை பொய் இல்லதான், ஆனா ட்ரெயின் ஏறினதும் அந்த அக்கா ரெண்டு நாள் முதுகு வலியோட படுத்திருப்பாங்க. திரும்பி வந்து சபைல ட்ரிப் பத்தி சொல்ற ரிப்போர்ட் ஞாயிறுல இந்த ஸ்லைடு மட்டும் வராது.

லூக்கா 10-ஆம் அதிகாரத்த எடுத்து மெதுவா படிங்க. இயேசு எழுபது பேர அனுப்புறாரே, அவங்களும் கொஞ்ச நாள் போய்ட்டு திரும்பி வந்து சந்தோஷமா ரிப்போர்ட் குடுத்தவங்கதான், அதனால குறுகிய கால ஊழியம் வேதத்துல இல்லன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஆனா எப்படி அனுப்பினார் பாருங்க. ரெண்டு ரெண்டு பேரா. பணப்பை வேணாம், சாமான் பை வேணாம். எந்த வீட்டுக்குள்ள போறீங்களோ அங்கயே தங்குங்க, வீடு வீடா மாறாதீங்க, முன்னாடி வைக்கிறத சாப்பிடுங்க. அதாவது போறவன் கைல ஒண்ணும் இல்லாம, அந்த வீட்டுக்காரன் தயவுல நிக்கணும். நம்ம டீம் போற விதம் அப்படியே தலைகீழ், பெட்டி நெறைய சாமான், டீ-ஷர்ட்ல பேர், கைல மைக். இன்னொண்ணு, தாம் போகப்போற ஊர்களுக்குத்தான் அவங்கள முன்னால அனுப்பினார்னு இருக்கு. பின்னாடி ஒருத்தர் வருவார்ங்கிற நிச்சயத்தோட போனாங்க. உங்க பத்து நாளுக்கும் அதுதான் சோதனை, நீங்க திரும்பி வந்த பிறகு அங்க இருந்து தொடரப் போற ஆள் அதைக் கேட்டாரா இல்லையா. அந்த அண்ணன்கிட்ட "நாங்க வர்றோம், இதெல்லாம் பண்றோம்"னு சொன்னீங்களா, இல்ல "எங்களால என்ன ஆகும், எப்ப வரட்டும், எத்தனை பேர் வரட்டும்"னு கேட்டீங்களா? கடிதத்த ரெண்டு தடவை படிச்சேன், கேட்ட மாதிரி தெரியல. கேளுங்க. வேணாம்னு சொல்றதுக்கும் அவருக்கு இடம் குடுத்து கேளுங்க, ஏன்னா ஆதரவு குடுக்கிற சபைகிட்ட எந்த மிஷனரியும் லேசுல வேணாம்னு சொல்ல மாட்டார்.

இதுல நமக்குன்னு தனியா ஒரு வெக்கம் இருக்கு. 1910-ல எடின்பரோவுல பெரிய மிஷனரி மாநாடு, வந்தவங்க பெரும்பாலும் வெள்ளைக்காரங்க. அங்க எழுந்து பேசினவர் நம்ம வெள்ளாளன்விளை வே.ச. அசரியா, அப்ப அவருக்கு 35 வயசு. எங்களுக்காக ஆஸ்திய குடுத்தீங்க, உயிரையும் குடுத்தீங்க, அன்பையும் கேக்குறோம், எங்களுக்கு நண்பர்கள குடுங்கன்னு முடிச்சார். அதுக்கு ஏழு வருஷம் முன்னாடியே, 1903-ல, பாளையங்கோட்டைல இந்திய மிஷனரி சங்கத்த ஆரம்பிச்சவங்கள்ல அவரும் ஒருத்தர், ஆள் நம்ம ஆள், காசு நம்ம காசுன்னு. அப்புறம் தோர்ணக்கல் போய் தெலுங்கு கத்துக்கிட்டு அங்கயே இருந்து 1945-ல அங்கயே செத்தார். அன்னைக்கு அந்த எடின்பரோ ஹால்ல கீழ உக்காந்து பேச்சு வாங்கினது வெள்ளைக்காரன். இன்னைக்கு மால்தோ பிள்ளைங்க முன்னாடி பெங்களூர் ஐடி கார்டோட நிக்கிற நாமதான் அந்த நாற்காலில இருக்கோம்.

சரி, ப்ரோக்ராம். மால்தோ திராவிட மொழிதான், ஆனா அதுக்காக நம்ம தமிழ் அங்க ஓடாது, சின்னப் பிள்ளைங்களுக்கும் பாட்டிங்களுக்கும் ஹிந்தியே கஷ்டம், அதுல உங்க அரைகுறை ஹிந்தில ஸ்கிட் போட்டா அவங்க சிரிப்பாங்க, நீங்க ஆசீர்வாதமா இருந்துச்சுன்னு எழுதுவீங்க. மெடிக்கல் கேம்ப்னா கூட வர்றது யாரு? டாக்டர் இருந்தாலும், டிபிக்கு ஆறு மாசம் மருந்து, குஷ்டத்துக்கு ஆறு மாசமோ ஒரு வருஷமோ, ஒரு நாள் கேம்ப்ல ரெண்டு பட்டை ஆன்டிபயாடிக் குடுத்துட்டு வந்தா நல்லதை விட கெடுதல் அதிகம். சந்தேகமான கேஸ கண்டுபிடிச்சு, பேர் எழுதி, பக்கத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ மிஷன் ஆஸ்பத்திரிலயோ கொண்டு சேர்த்து, அதைத் தொடர்ந்து பாக்க உள்ளூர் ஆள் இருந்தா பண்ணுங்க, இல்லன்னா விடுங்க. பழைய துணி மூட்டை கிழிஞ்சது, சாயம் போனது எல்லாம் சேர்ந்து அங்க போய் கடைசில எரிக்கிற வேலை அந்த அக்காவுக்கு. வேணாம்.

போட்டோ விஷயம் கொஞ்சம் சீரியஸ். ஜார்க்கண்ட்ல 2017-ல இருந்து மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கு, ஒடிசால 1967-லயே வந்தாச்சு. வற்புறுத்தி மாத்தினா மட்டும் இல்ல, ஆசை காட்டி மாத்தினாலும் குற்றம், பொருள் குடுக்கிறது பரிசு குடுக்கிறது எல்லாம் அந்த ஆசை காட்டுறதுல வரும். நீங்க ஒரு பிள்ளைக்கு பென்சில் பாக்ஸ் குடுக்கிற ரீல்ஸ், மேல ஹாலேலூயா பாட்டு, கீழ ஊர் பேரோட லொகேஷன். அதை யாராவது டவுன்லோட் பண்ணி போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்தா உங்கள யாரும் தேட மாட்டாங்க, நீங்க மடிவாளா ட்ராஃபிக்ல இருப்பீங்க, ஜீப்பு அவர் வீட்டு வாசல்லதான் நிக்கும். சட்டம் சரியா தப்பாங்கிறது வேற பேச்சு, எனக்கும் அதுல கருத்து இருக்கு. ஆனா உங்க லைக்குக்கு அவர் விலை குடுக்கக் கூடாது. அங்க இருக்கிற பத்து நாளும், திரும்பி வந்த பிறகும், பிள்ளைங்க முகம் எதுலயும் வேணாம்.

அப்புறம் இந்த ரிப்போர்ட் ஞாயிறு. "எத்தனை பேர் ரட்சிக்கப்பட்டாங்க"ன்னு ஒருத்தர் கண்டிப்பா கேப்பார், உங்க டீம் லீடரும் ஒரு நம்பர் சொல்லணும்னு தவிப்பார். மிஷனரி வில்லியம் கேரி 1793-ல வங்காளம் வந்தார், மொத ஞானஸ்நானம் 1800 டிசம்பர்ல, ஏழு வருஷம். அந்த மொத ஆள் கிருஷ்ண பால், ஒரு தச்சர், விழுந்து தோள்மூட்டு விலகி கிடந்தப்ப கேரியோட இருந்த தாமஸ் டாக்டர் போய் சரி பண்ணி விட்டார், அதுல தொடங்கின பேச்சுதான். ஏழு வருஷம் வங்காளத்துலயே கிடந்ததாலதான் அந்த தோள்மூட்டு விலகின நாள்ல பக்கத்துல இருந்தாங்க. பத்து நாள்ல நம்பர் வேணும்னு கேக்குற கமிட்டிக்கு இதைச் சொல்லுங்க.

பாடத் தெரியாது பேசத் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க, எனக்கு அதுதான் பிடிச்சது, அப்ப நீங்க வேலைக்கு ஆகிற ஆள். மிஷனரி வீட்ல என்ன தேவைன்னா பெரும்பாலும் ரொம்ப சாதாரணமா இருக்கும். ஹேங் ஆகுற லேப்டாப்ப சரி பண்ணணும், பள்ளிக்கூட பிள்ளைங்க ரெஜிஸ்டர எக்செல்ல ஏத்தணும், சோலார் பேட்டரி ஏன் நிக்கலன்னு பாக்கணும், பத்தாவது படிக்கிற பையனுக்கு கணக்கு சொல்லிக் குடுக்கணும். இல்லன்னா வேற ஒண்ணு, ரெண்டு பேரா போய் வீட்டையும் ஹாஸ்டல் பிள்ளைங்களையும் உள்ளூர் பணியாளரோட சேர்ந்து பாத்துக்கிட்டு, "நீங்க ரெண்டு பேரும் போய் உங்க பிள்ளைங்கள பாத்துட்டு வாங்க"ன்னு அவங்கள அனுப்பி வைக்கிறது. ரெண்டு மூணு பேர் போதும் இதுக்கு. மாசமும் அவரே சொல்லட்டும், மார்ச் ஏப்ரல்ல மகுவா, அதாவது இலுப்பைப் பூ பொறுக்க ஜனங்க விடியறதுக்கு முன்னாடியே காட்டுக்குப் போயிடுவாங்க, மே மாசம் வெயில் மண்டைய பிளக்கும், நமக்கு லீவு இருக்குங்கிறதுக்காக அவங்க ஊர் காலியா இருக்கிற நேரத்துல போய் நிக்கக் கூடாது.

போகாத ஒம்பது பேர் என்ன பண்றதுன்னு கேப்பீங்க. உங்க அப்பார்ட்மெண்ட் கேட்ல செக்யூரிட்டியா நிக்கிற பையன் எந்த ஊர்? சர்ஜாபூர் ரோட்ல பில்டிங் கட்டுற இடத்துல தகர ஷெட்ல இருக்கிறவங்க எந்த ஊர்? பாதிப்பேர் நீங்க ரெண்டு நாள் ட்ரெயின் ஏறிப் போய் பாக்க நினைக்கிற பக்கத்துல இருந்து வந்தவங்க. போய் பேசுங்க, ஆனா தயவுபண்ணி கைப்பிரதியோட போகாதீங்க. ராஞ்சிக்கு காஸ்னர் மிஷன்ங்கிற ஜெர்மன் மிஷன் வந்தது 1845-ல, நம்ம சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) உருவானது 1947-ல, அந்தப் பையன் அஞ்சாம் தலைமுறை கிறிஸ்தவனா இருந்து உங்களுக்கு முன்னாடி ஜெபம் பண்ண ஆரம்பிச்சிடுவான். எங்க சர்ச் இங்கிலீஷ் ஆராதனைல கடைசி பெஞ்ச்ல அப்படி நாலு பேர் வந்து உக்காருவாங்க, முடிஞ்சதும் சத்தமில்லாம போயிடுவாங்க, அவங்கள ஒரு நாள் மதியம் வீட்டுக்கு சாப்பிட கூப்பிட்டவங்க எங்க சபைல ரெண்டே குடும்பம். உங்க சர்ச் பத்தி எனக்குத் தெரியாது, நீங்களே பாத்துக்கோங்க. ஜார்க்கண்ட் பக்கம் பேசுற சாதரி பாஷைல நாலு வார்த்தை கத்துக்கணும்னாலும் அவங்கதான் வாத்தியார், கூகுள் இல்ல.

அப்பா பயம் நியாயம்தான், அதைக் கேலி பண்ணாதீங்க. அந்த மலைல மலேரியா நெஜம், மூளைக்கு ஏறுற வகையும் உண்டு, மணல் ஈ கடிச்சு வர்ற காலா அசாரும் அந்தப் பக்கத்து நோய்தான். போறதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே டாக்டர பாத்து தடுப்பு மாத்திரை எடுக்கணுமான்னு கேளுங்க, கொசுவலை ஆளுக்கு ஒண்ணு சொந்தமா கொண்டு போங்க, அங்க இருக்கிறத வாங்கிப் படுத்துக்காதீங்க. திரும்பி வந்து ஒரு மாசம் கழிச்சு காய்ச்சல் வந்தாலும் இங்க கிளினிக்ல மொத வார்த்தையா ஜார்க்கண்ட் போயிட்டு வந்தேன்னு சொல்லிடுங்க, இல்லன்னா டெங்கு டெஸ்ட் மட்டும் எடுத்துட்டு பாராசிட்டமால் குடுத்து அனுப்பிடுவாங்க.