1897இல் உடைந்த ஃபூட்ராயன்ட், 1938 அஞ்சலட்டையில் எப்படி?

1897இல் உடைந்த ஃபூட்ராயன்ட் கப்பல், உங்களிடமுள்ள 1938 அஞ்சலட்டைப் படத்தில் எப்படி இருக்க முடியும் என்று கேட்டிருந்தீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் ஃபூட்ராயன்ட் அல்ல, அந்தப் பெயரைப் பின்னாளில் தாங்கிய டிரிங்கோமலி என்ற வேறொரு கப்பல். நெல்சனின் கப்பல் 1897இல் இங்கிலாந்தின் பிளாக்பூல் கரையில் புயலில் சிக்கி உடைந்தது என்று நீங்கள் படித்ததும் சரிதான்.

குழப்பத்துக்குக் காரணம் பெயர் மாற்றம். உடைந்த கப்பலின் உரிமையாளர் வீட்லி காப், உடைப்புக்கு விற்கப்பட்டிருந்த டிரிங்கோமலியை அதே ஆண்டில் வாங்கி, உடைந்த கப்பலின் பெயரையே அதற்குச் சூட்டினார். 1992இல்தான் டிரிங்கோமலி என்ற சொந்தப் பெயர் திரும்பியது. பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தில் கட்டி 1817இல் நீரில் இறக்கிய கப்பல் இது. பெயர் நம் திருகோணமலையுடையது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு வந்ததும் கால் நூற்றாண்டு சும்மா கிடந்தது. உண்மையான கடற்பணி 1847–50இல் வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடல்களிலும் 1852–57இல் பசிபிக்கிலும் மட்டுமே. அந்தத் தேக்குக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

படத்தில் பீரங்கித் துளைகளின் வரிசைகளைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணிப் பாருங்கள். ஒரே வரிசை என்றால் டிரிங்கோமலி. நெல்சனுடையது 80 பீரங்கிக் கப்பல், இரண்டு வரிசை இருக்கும்.

ஆனால் இரண்டு வரிசை தெரிந்தாலும் நெல்சன் கப்பல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1932 முதல் போர்ட்ஸ்மவுத்தில் இம்ப்ளாக்கபிள் என்ற இரட்டை அடுக்குக் கப்பலும் நின்றது. 1949இல்தான் அதை மூழ்கடித்தார்கள். அஞ்சலட்டையின் ஆண்டு 1938 என்பதால் அதற்கும் வாய்ப்பு இருக்கிறது.