அரசியல் தத்துவம் என்றால் என்ன? மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அதை எப்படி அறிமுகப்படுத்துவது?

மனிதர்கள் சேர்ந்து வாழும்போது யாருக்கு ஆளும் உரிமை உண்டு, சட்டத்துக்கு நாம் ஏன் கீழ்ப்படிய வேண்டும், எது நியாயமான பங்கீடு ஆகிய கேள்விகளைக் காரணங்களோடு ஆராய்வதே அரசியல் தத்துவம். விருப்பங்கள் ஆளுக்கு ஆள் வேறுபட, சட்டம் மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால்தான் இக்கேள்விகள் எழுகின்றன.

வகுப்பில் காற்று வரும் சன்னலோரத்தில் ஒரே ஓர் இருக்கை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் முதலில் வந்தவர் அமர்வதா, அதிக மதிப்பெண் பெற்றவரா, உடல்நலம் குன்றியவரா, அல்லது முறைவைத்து எல்லோருமா? மாணவர்கள் தத்தம் விடைக்குக் காரணம் சொல்லத் தொடங்கியதுமே உரிமை, தகுதி, தேவை, சமத்துவம் ஆகிய கருத்துகள் தாமாகவே வெளிப்பட்டுவிடும். “இதை முடிவு செய்யும் அதிகாரம் ஆசிரியருக்கு எங்கிருந்து வந்தது?” என்று ஒருவர் கேட்டுவிட்டால், பாடத்தின் மையத்துக்கே வந்துவிட்டோம்.

சிந்தனையாளர்களின் பெயர்களை அதன் பிறகு சொல்வதே நல்லது என்பது என் கருத்து. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் வாழ்ந்த தாமஸ் ஹாப்ஸ், பாதுகாப்பை முன்னிட்டு மக்கள் வலிமையான அரசுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று 1651-இல் எழுதினார். அதே நாட்டின் ஜான் லாக்கோ, உரிமைகளைக் காக்கத் தவறும் அரசை மக்கள் மாற்றலாம் என்று 1689-இல் வாதிட்டார்.

அரசியல் தத்துவத்தைக் கற்பிப்பது கட்சி அரசியலை வகுப்புக்குள் கொண்டுவரும் என்று பலர் அஞ்சுகிறார்கள்; ஆனால் யாருக்கு வாக்களிப்பது என்பதை இத்துறை சொல்வதில்லை, எந்தக் கட்சி ஆண்டாலும் அந்த ஆட்சிக்கான நியாயம் என்ன என்பதையே கேட்கிறது.