வீட்டில் யாருக்கும் சீனம் தெரியாது. ஆறு வயது மகளுக்கு அடிப்படைச் சீன எழுத்துகளையும் வணக்கச் சொற்களையும் எப்படிக் கற்பிப்பது?

மலேசியாவில் சீனத் தொடக்கப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்தவள் நான். என் அக்காள் மகன் ஒன்றாம் ஆண்டில் சீனப் பள்ளியில் சேர்வதற்கு முன், ஏறத்தாழ நான்கு மாதங்கள் மாலை வேளைகளில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதில் முதல் மாதம் முழுவதையும் நான் வீணாக்கினேன் என்பதால், அந்தத் தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

பெரியவர்களுக்கான பாடநூல்களில் முதல் பாடம் ‘நீ ஹாவ்’ என்ற வணக்கமாகவே இருக்கும். நானும் அதையே சொல்லவும் எழுதவும் ஒருசேரக் கற்பித்தேன். ‘நீ’ என்பதற்கு ஏழு கோடுகள், ‘ஹாவ்’ என்பதற்கு ஆறு கோடுகள். நன்றி சொல்லும் ‘ஷியே’ என்பதற்கோ பன்னிரண்டு. பென்சிலைச் சரியாகப் பிடிக்கவே பழகாத விரல்களுக்கு இது தண்டனை. மூன்றாம் நாள் அவன் பென்சிலைச் சோபாவுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டான். இதற்கு மேல், அட்டைகளில் ஒவ்வொரு சீன எழுத்தின் தலைக்கு மேலும் அதன் ஒலிப்பைத் தமிழில் எழுதிவைத்திருந்தேன். அவன் கடகடவென்று படித்ததைக் கண்டு மகிழ்ந்து, ஒரு நாள் தமிழ் வரியைக் கட்டைவிரலால் மறைத்தபோதுதான், அதுவரை அவன் தமிழை மட்டுமே படித்துக்கொண்டிருந்தான் என்பது எனக்குப் புரிந்தது.

ஆகவே என் பதில் இதுதான்: வாய்க்கு ஒரு பாடம், கைக்கு ஒரு பாடம் என இரண்டையும் முற்றிலும் பிரித்துவிடுங்கள். வணக்கச் சொற்கள் வாய்க்கு உரியவை. அவற்றை இப்போது எழுத வேண்டியதில்லை. கைக்கு, எளிய கோடுகளால் ஆன எழுத்துகளை மட்டும் கொடுங்கள். இது நான் கண்டுபிடித்த வழி அன்று. முற்காலத்தில் சீனச் சிறுவர்கள் சிவப்பு மையில் அச்சிட்ட எழுத்துகளின் மேல் தூரிகையால் எழுதிப் பழகிய தாள், ‘ஷாங், தா, ரென்’ என்ற மூன்று எளிய எழுத்துகளில் தொடங்கும். பொருளைவிடக் கோடுகளின் எளிமையே அங்கு முதன்மை. சீனாவின் 2011 பாடத்திட்டமும் முதல் இரண்டு வகுப்புகளில் ஏறத்தாழ 1600 எழுத்துகளை அடையாளம் காணவும், அவற்றுள் 800 எழுத்துகளை மட்டுமே எழுதவும் தெரிந்தால் போதும் என்றது.

கைப் பாடத்தை எண்களில் தொடங்குங்கள். ஒன்றுக்கு ஒரு படுக்கைக் கோடு, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. நான்குக்கு நான்கு கோடுகள்தானே என்று குழந்தை கட்டாயம் கேட்கும். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் எலும்புகளில் பொறித்த எழுத்துகளில் அது உண்மையாகவே நான்கு கோடுகளாக இருந்தது என்றும், இன்று அது ஒரு பெட்டிக்குள் இரண்டு கால்கள் தொங்குவதுபோல் மாறிவிட்டது என்றும் சொல்லுங்கள். அடுத்து ‘ரென்’, அதாவது மனிதன்: கால்களை அகற்றி நிற்கும் இரண்டே கோடுகள். அவன் கைகளை விரித்தால், அதாவது ஒரு படுக்கைக் கோட்டைச் சேர்த்தால், அது ‘தா’, பெரியது. அதன் தலைக்கு மேல் இன்னொரு கோடு போட்டால் ‘தியென்’, வானம். ஒரு மரம் ‘மூ’. இரண்டு மரங்கள் சேர்ந்தால் தோப்பு, மூன்று சேர்ந்தால் காடு. என் அக்காள் மகன் நான்கு மரங்களை எழுதி, அது எந்தக் காடு என்று கேட்டான்.

கோடுகளின் வரிசையில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், படுக்கைக் கோட்டுக்குப் பின் செங்குத்துக் கோடு. தமிழ் எழுத்தைக் கையெடுக்காமல் சுழித்துப் பழகிய குழந்தை, வாய் என்று பொருள்படும் ‘கொவ்’ என்ற பெட்டியை ஒரே இழுப்பில் வரைந்துவிடும். அதற்கு மூன்று கோடுகள் உண்டு: முதலில் இடச் சுவர்; பின் கூரையும் வலச் சுவரும் மடங்கி வரும் ஒரே கோடு; கடைசியில் தரை. வயல் என்ற எழுத்தைப்போல் பெட்டிக்குள் ஏதேனும் இருந்தால், அதை எழுதிய பிறகே தரையை இழுக்க வேண்டும். ‘உள்ளே போன பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும்’ என்று எங்கள் ஆசிரியை சொல்வார். அந்த வயல் எழுத்தைப்போலவே நான்காகப் பிரித்த கட்டங்கள் கொண்ட பயிற்சி ஏடு கடைகளில் கிடைக்கும், வாங்கிவிடுங்கள்.

படக்கதை சொல்லும் இந்த முறையை வெகுதூரம் நம்ப வேண்டாம். மரமும் மலையும் படமாகத் தெரியும்; பெரும்பாலான எழுத்துகளோ ஒரு பாதி பொருளையும் மறு பாதி ஒலியையும் குறிப்பவை. அம்மா என்ற ‘மா’வில் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குதிரை நிற்கும். அம்மாவிடம் குதிரை எதற்கு என்று அவன் கேட்டபோது, குதிரைக்கும் ‘மா’ என்றுதான் பெயர், ஒலியைக் காட்டவே அது வந்து நிற்கிறது என்றேன். திட்டுவதும் ‘மா’தான், அதில் குதிரையின் தலைக்கு மேல் இரண்டு வாய்கள் இருக்கும். அவனுக்கு மறக்கவே மறக்காத எழுத்து அதுதான்.

இந்த மூன்று ‘மா’க்களையும் பிரிப்பது தொனி. முதல் தொனி, சுருதியைப் பிடித்ததுபோல் உயரத்திலேயே நீளும், இரண்டாவது, “என்ன?” என்று வியந்து கேட்கும்போது குரல் ஏறுவதுபோல் ஏறும், மூன்றாவது, மனமில்லாமல் “ம்ம்” என்று இழுப்பதுபோல் தாழ்ந்து கிடக்கும், நான்காவது, “போ!” என்று வெட்டுவதுபோல் இறங்கும். ஆனால் சொற்களைத் தனித்தனியே தொனி பிரித்துக் கற்பிக்காதீர்கள். ‘நீ’, ‘ஹாவ்’ இரண்டும் மூன்றாம் தொனி உடையவை. சேர்த்துச் சொல்லும்போது ‘நீ’ இரண்டாம் தொனிக்கு ஏறிவிடும். முழுத் தொடராகவே கேட்டுப் பழகிய குழந்தைக்கு இந்த விதியை விளக்க வேண்டிய தேவையே இராது.

தமிழ்க் குழந்தைக்கு இங்கே சில வசதிகள் உண்டு. ‘ரென்’ என்பதன் முதல் ஒலி, ஏறக்குறைய நம் ழகரத்துக்கு நாக்கை வைக்கும் இடத்திலிருந்தே பிறக்கிறது. ரோமன் எழுத்தில் சீனத்தை எழுதும் பின்யின் முறையில் ‘b’ என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்து, ஆங்கிலத்தில் ‘பால்’ என்று பந்தைச் சொல்வதுபோல் அதிரச் சொல்வது தவறு. அது நம் ‘பல்’லில் உள்ள பகரமே. ‘p’ என்று எழுதும் அதன் இணை ஒலிக்கு மட்டும் மூச்சு வெளியே வர வேண்டும். வாய்க்கு முன் ஒரு தாள் துண்டைப் பிடித்தால் அது படபடக்க வேண்டும். மலேசியச் சீனர்கள் நம்மைப் போலவே “சாப்பிட்டாயிற்றா?” என்று நலம் கேட்பார்கள்: ‘ச்சி பாவ் ல மா’. இதில் ‘பாவ்’ என்றால் வயிறு நிறைதல்; அதையே மூச்சோடு சொன்னால் ஓடுதல். தொனி இரண்டுக்கும் ஒன்றே. சாப்பிட்டாயா என்று கேட்க நினைத்து ஓட்டத்தைப் பற்றிக் கேட்டுவிடுவோம்.

வணக்கங்களில் முதலில் ‘நீ ஹாவ்’ வேண்டாம் என்பேன். தற்செயலாக நம் ‘நீ’ போலவே ஒலிக்கும் அந்தச் சொல்லுக்குப் பொருளும் நீ என்பதுதான். ஆசிரியரிடம் ‘லாவ்ஷி ஹாவ்’ என்றோ, காலையில் ‘லாவ்ஷி ட்சாவ் ஆன்’ என்றோ விளித்துச் சொல்வதே மரியாதை; பக்கத்து வீட்டு அம்மையாருக்கு ‘ஆயி ஹாவ்’. விடைபெறும்போது ‘ட்சாய் ஜியென்’. மீண்டும் காண்போம் என்பதே அதன் சொற்பொருள் என்பதால், போகிறேன் என்று சொல்லாமல் போய்வருகிறேன் என்று சொல்லப் பழகிய வீட்டில் அதை விளக்குவது எளிது. இவற்றோடு ‘ஷியே ஷியே’, ‘துய் பு சி’ என்ற நன்றியும் மன்னிப்பும் சேர்ந்தால் முதல் மாதத்துக்குப் போதும். உங்களுக்கே ஒலிப்பு உறுதியாகத் தெரியாதாகையால், சீனம் பேசும் அண்டை வீட்டார் ஒருவரிடம் சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் பதிவுசெய்துகொள்ளுங்கள்.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று கேள்வியில் குறிப்பிடவில்லை. மலேசியா, சிங்கப்பூர், சீனா என்றால் எளிமையாக்கப்பட்ட எழுத்துகளையே பள்ளியில் கற்பிப்பார்கள். தைவான், ஹாங்காங் என்றால் மரபெழுத்துகள். ‘ஜியென்’ என்பதை முன்னதில் நான்கு கோடுகளிலும் பின்னதில் ஏழு கோடுகளிலும் எழுத வேண்டும். பயிற்சி ஏட்டை வாங்கும் முன் மகள் சேரப்போகும் பள்ளியில் இதைக் கேட்டுவிடுங்கள்.