மூன்றாம் வருடம் கம்பஸ் இல்லை, ஒபிஸ்: வாசகர் கேள்வி பதில்

உயர்தரப் பெறுபேறு வந்த வீடுகளிலிருந்தும், ஏற்கெனவே கம்பஸில் கால் வைத்துவிட்ட பிள்ளைகளிடமிருந்தும் வந்த கேள்விகள் இந்த முறை ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

"மகன் ஏஎல் முடித்துவிட்டான். ஒரு கம்பஸில் மூன்று வருடத்தில் பட்டம். இன்னொன்றில் நான்கு வருடம், அதில் மூன்றாம் வருடம் முழுக்க ஒரு கம்பனியில் வேலை செய்ய வேண்டுமாம். காசையும் கட்டிவிட்டுப் பிள்ளையை வேலைக்கும் அனுப்புவதா? பக்கத்து வீட்டுப் பிள்ளை மூன்று வருடத்தில் முடித்து வேலைக்கும் போய்விட்டது."
ஒரு அம்மா, வெள்ளவத்தை

பக்கத்து வீட்டுப் பிள்ளையை முதலில் கொஞ்சம் தள்ளி வைப்போம் அம்மா.

இதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் சாண்ட்விச் படிப்பு. இரண்டு பாண் துண்டுக்கு நடுவில் சம்பல் வைத்த மாதிரி, இரண்டு வருடம் படிப்பு, ஒரு வருடம் வேலை, திரும்பி வந்து கடைசி வருடம். இங்கிலாந்தின் சண்டர்லாந்து தொழில்நுட்பக் கல்லூரியில் 1903இலேயே தொடங்கிவிட்டார்கள், அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் படிப்பையும் வேலையையும் மாற்றி மாற்றிச் செய்யும் முறை 1906இல் வந்தது. ஆகவே காசு பிடுங்க நேற்றுக் கண்டுபிடித்த வித்தை இல்லை. உங்கள் ஊரிலேயே, இராமகிருஷ்ண வீதியில் இருக்கும் ஐஐடி (இன்ஃபர்மேட்டிக்ஸ் இன்ஸ்டிடியூட் ஒஃப் டெக்னொலொஜி) என்ற தனியார் கம்பஸில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பட்டம் படிக்கிற பிள்ளைகளும் மூன்றாம் வருடத்தைக் கம்பனிகளில்தான் கழிக்கிறார்கள்.

அந்த வருடத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்டால், என் அக்காவின் மகனைத்தான் சொல்ல வேண்டும். கம்பஸில் அவன் எழுதிய ஒப்படைகளை யாரும் வரி வரியாக வாசித்ததில்லை, புள்ளி வந்தது, அவ்வளவுதான். வேலைக்குப் போன முதல் கிழமை அவன் எழுதிக் கொடுத்த பதினைந்து வரிக்கு இருபத்திரண்டு குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு பிள்ளை சாப்பிடவில்லை, அக்கா எனக்குப் போன் எடுத்து அழாத குறை. எட்டாம் மாதம் போய்ப் பார்த்தால், புதிதாக வந்த இன்னொரு பிள்ளையின் வேலைக்கு இவன் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறான், கொஞ்சம் இரக்கமில்லாமல்.

ஆனால் சேர்க்கிற மேசையில் இருப்பவர் "பிளேஸ்மென்ட் (கம்பனிப் பயிற்சி) உள்ளடக்கம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான இடங்களில் கம்பஸ் வேலையைப் பிடித்துத் தருவதில்லை. கம்பனிகளின் பட்டியல் தரும், நேர்முகப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும், தேடிப் பிடிப்பது பிள்ளை. அதனால் வேலையை யார் தேடுவது, கிடைக்காவிட்டால் பிள்ளையை எந்தப் பாடநெறிக்கு மாற்றுவீர்கள், அந்த வருடத்துக்கு எவ்வளவு கட்டணம் என்று மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கட்டண விஷயத்தில் இங்கிலாந்தில் உள்நாட்டுப் பிள்ளைகளிடம் அந்த வருடத்துக்கு வழமையான உச்சக் கட்டணத்தில் 20 வீதத்துக்கு மேல் வாங்க முடியாது. அந்தச் சட்டம் காலி வீதியில் செல்லாது, அதனால்தான் எழுத்தில் என்கிறேன்.

கிடைத்த பதில் திருப்தியாக இருந்தால் நான்கு வருடத்தையே எடுங்கள். மழுப்பினால் மூன்று வருடப் பட்டமும் குறைந்ததில்லை.

"நான் ஹட்டன், தெகிவளையில் போர்டிங்கில் இருந்து இரண்டாம் வருடம் படிக்கிறேன். நாற்பது இடத்துக்கு சீவி அனுப்பிவிட்டேன், ஒரு பதில் இல்லை. சிங்களமும் சரளமில்லை. எனக்கு இது சரிவருமா?"
மாணவர், தெகிவளை

தம்பி, ஒரே சீவியை நாற்பது இடத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நானும் அதைத்தான் செய்தேன். என்னுடையதில் "தலைமைத்துவப் பண்பு" என்று ஒரு வரி இருந்தது, சீனியர் ஒருவருடையதிலிருந்து அப்படியே எடுத்தது. அவர் செய்த நூலக முகாமைத்துவ மென்பொருளையும் நான் செய்ததாகக் கூடவே எடுத்துப் போட்டுவிட்டேன். கோட்டையில் ஒரு ஒபிஸில் நேர்முகம். எதிரே இருந்தவர் மெதுவாகக் கேட்டார், "இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே புத்தகத்தை எடுக்க அமத்தினால் உங்கள் புரோகிராம் என்ன செய்யும்?" எனக்கு அந்த அறையின் ஏசி சத்தம் மட்டும்தான் கேட்டது. விடை பிறகு வந்தது, 100ஆம் இலக்க பஸ் பம்பலப்பிட்டியில் நிற்கும்போது.

ஆகவே நாற்பதை எட்டாகக் குறையுங்கள். அந்த எட்டுக் கம்பனியும் என்ன செய்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சீவியின் முதல் அரைப் பக்கத்தை மாற்றுங்கள். நீங்களே செய்த ஒரு வேலையை, சின்னதானாலும் பரவாயில்லை, கிட்ஹப்பில், அதாவது புரோகிராம்களைப் போட்டு மற்றவர்களுக்குக் காட்டும் இணையதளத்தில், போட்டு இணைப்பைக் கொடுங்கள். அதில் எது பிழைத்தது, எப்படித் திருத்தினீர்கள் என்று இரண்டு நிமிடம் கதைக்கத் தெரிந்தால் போதும். போன வருடம் பயிற்சிக்குப் போய் வந்த சீனியர்களைப் பிடியுங்கள், மருதானை, தெமட்டகொடைப் பக்கத்து ஒபிஸ்களில் எங்கே இடம் காலியாகிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அடுத்த கிழமை பார்ப்போம் என்று இருக்க வேண்டாம், இரண்டாம் வருட நடுவிலேயே நல்ல இடங்கள் போய்விடும்.

சிங்களத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். நேர்முகமும் மின்னஞ்சலும் ஆங்கிலம், அதில் பிரச்சினை இல்லை. மத்தியானச் சாப்பாட்டு மேசை சிங்களம். முதல் மாதம் எல்லோரும் சிரிக்கும்போது நீங்கள் அரை நொடி பிந்திச் சிரிப்பீர்கள், அது கொஞ்சம் குத்தும். ஆறு மாதத்தில் நீங்களே பகிடி விடுவீர்கள். கம்பஸில் இருந்து படித்திருந்தால் அந்தச் சிங்களம் வந்திருக்காது, நம்புங்கள்.

"பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவு இல்லை, அனுபவம்தான் சம்பளம் என்கிறார்கள். போகலாமா?"
மாணவி, கொட்டாஞ்சேனை

பஸ்காரர் அனுபவத்தை வாங்கி டிக்கட் தருவாரா என்று கேளுங்கள். ஒரு முழு வருடம் சும்மா போக வேண்டாம். இரண்டு மூன்று கிழமைப் பழக்கம் என்றால் வேறு கதை. கடிதம் கையில் வந்ததும் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) உண்டா என்று பாருங்கள், உண்டு என்றால் உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து கம்பனி 12 வீதம் போட வேண்டும், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதம் முழுக்க அவர்கள் பக்கம்.

"மூன்று மாதமாக எக்ஸெல்லில் பெயர் பதிவதும் போட்டோகொப்பி எடுப்பதும்தான் வேலை. விட்டுவிடலாமா?"
மாணவி, கொழும்பு 13

விட முதல் ஒன்று செய்யுங்கள் தங்கச்சி. கம்பஸ் தந்த பயிற்சிப் பதிவேட்டில் அப்படியே எழுதுங்கள்: "திங்கள், 300 பெயர் பதிந்தேன். செவ்வாய், 300 பெயர் பதிந்தேன்." சிலர் வெட்கப்பட்டு "தரவு முகாமைத்துவத்தில் ஈடுபட்டேன்" என்று பூசி எழுதுவார்கள், அப்புறம் கம்பஸில் யாருக்கு விளங்கும்? அந்தப் பதிவேட்டோடு உங்களைப் பார்க்கிற விரிவுரையாளரிடம் போங்கள். கம்பனியோடு கதைக்க வேண்டியது அவர், அதுவும் அவருடைய வேலைதான். அப்படியும் மாறவில்லை என்றால், அவரைக் கேட்டு வேறு இடம் பாருங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் அந்த வருடம் கணக்கில் வராமல் போகலாம்.

"தங்கை லண்டனில் படிக்கப் போகிறாள். அங்கே போய்ப் பார்த்து வேலை வருடத்தைச் சேர்க்கலாம் என்கிறாள்."
அண்ணன், வத்தளை

இங்கிருந்து போகும்போதே அந்த வருடம் உள்ள பாடநெறியில் சேருவது நல்லது. மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை, ஆனால் பாடநெறியின் பகுதியாக மதிப்பிடப்படும் பிளேஸ்மென்ட்டில் முழுநேரம் செய்யலாம். விசா பாடநெறியின் நீளத்துக்குத்தான் கிடைக்கும். பிறகு சேர்த்தால் விசாவை நீட்ட வேண்டும், விண்ணப்பக் கட்டணத்துக்கு மேல் சுகாதாரக் கட்டணமும் உண்டு, இப்போது மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண்.

"வேலை வருடம் முடியும்போது அதே கம்பனி நிரந்தர வேலை தருகிறதாம். மகன் கடைசி வருடத்துக்குப் போகமாட்டேன் என்கிறான்."
ஒரு அப்பா, மட்டக்குளி

கம்பனியிடமே கேட்கச் சொல்லுங்கள் ஐயா: "நான் பட்டத்தை முடித்துவிட்டு வரட்டுமா, அதுவரை கிழமைக்கு இரண்டு நாள் வேலை தருவீர்களா?" உண்மையிலேயே பிள்ளையை விரும்புகிற கம்பனி பத்து மாதம் காத்திருக்கும். உடனே வா, பட்டம் பிறகு பார்க்கலாம் என்றால், அவனுக்குப் பட்டதாரிச் சம்பளமா பயிற்சியாளர் சம்பளமா என்று கடிதத்தைத் திறந்து தொகையை ஒருமுறை நீங்களே வாசியுங்கள்.